குடல் எரிச்சல் நோயும் குடும்பத்தார் கடமையும்

(திருவள்ளூரில் நடைபெற்ற நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சபை நடுவே பேசுதற்குரிய பொருள் இதுதானா என்று சிலர் எண்ணுதல் கூடும். வயிற்றையும் மலத்தையும் பற்றிப் பலர் முன்னிலையிற் பேசுதல் நாகரிகமன்று என்னும் எண்ணம் நம்மவரிடை நெடுநாளாக நிலவுகின்றது. ஆயினும், அந்நாணமே ஒரு நோயை வளர்க்குமாயின், அதனைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்தல் அறமேயாகும். நம் இல்லங்களிற் பலர் வாய்திறவாது பொறுத்துவரும் ஒரு வயிற்று நோயைக் குறித்தே இன்று யான் பேசப் புகுகின்றேன். யான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியனேயன்றி மருத்துவனல்லன். ஆதலின், மருத்துவ அறிஞர் ஆய்ந்து கண்டவற்றை எளிதில் விளங்குமாறு எடுத்துரைப்பதே என் பணியாகும்.

இந்நோய்க்குக் 'குடல் எரிச்சல் நோய்' என்னும் பெயர் வழங்குகின்றது. ஈண்டு எரிச்சல் என்பது தீப்பட்டாற்போன்ற காந்தலன்று. சிறு சொல்லுக்கும் சினந்தெழுவாரை 'எரிந்து விழுகின்றார்' என்கின்றோமே, அப்பொருளிற் கொள்ளல் வேண்டும். தொட்டாற்சிணுங்கியின் இலை விரல் பட்ட அளவிற் சுருங்குமாறு போலப் பிறர் குடல் பொருட்படுத்தாத சிறு தூண்டலுக்கும் இந்நோயுற்றார் குடல் சுருங்கி நோவும். சிலர்க்கு அடிக்கடி பேதியாகும். சிலர்க்கு மலச்சிக்கல் உண்டாகும். சிலர்க்கு இரண்டும் மாறி மாறி வரும். வயிற்றுப் பொருமலும் உடன்வரும். சித்த மருத்துவ நூல்கள் குன்மம், கழிச்சல், கிராணி என வயிற்று நோய்கள் பலவற்றைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்றே இஃது எனத் துணிந்து கூறுதல் பொருந்தாது.

மருத்துவ உலகம் 2016ஆம் ஆண்டில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அதனை ரோம் நான்காம் வரையறை என்பர். ஆறு திங்களுக்கு முன்னரே தொடங்கிய வயிற்றுவலி, கடைசி மூன்று திங்களில் வாரத்திற்கு ஒரு நாளேனும் வருதல் வேண்டும். அவ்வலி மலங்கழித்தலோடு தொடர்புறுதல், கழிக்குந் தடவை மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் என்னும் மூன்றனுள் இரண்டேனும் உடனிருத்தல் வேண்டும். 33 நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட பேராய்வு ஒன்றில், இணையவழி வினவப்பட்டவருள் நூற்றுக்கு நால்வர் இவ்விலக்கணத்திற்கு உட்பட்டனர். ஆகவே, இஃது அரிதாகிய நோயன்று.

இந்நோயின் பெருங்கொடுமை யாதெனின், பரிசோதனையில் ஒன்றும் புலப்படாமையே. குழாய்க் கருவி கொண்டு குடலை நோக்கினும் புண்ணில்லை, கட்டியில்லை. உடனே வீட்டார், "உனக்கு ஒன்றுமில்லை; எல்லாம் மனப்பிரமை" என்கின்றனர். வேலைக்குச் செல்ல மனமில்லாதவன் சொல்லுஞ் சாக்கு என்பாரும் உளர். அன்பர்களே! வடிவிற் குறையில்லை என்பதனால் தொழிலிற் குறையில்லை என்று முடிவுசெய்தல் தகுமோ? வீணையின் குடமும் தண்டும் பழுதின்றி இருப்பினும், தந்திகள் அளவிறந்து முறுக்கேறியிருப்பின் இசை பிழைபடுமன்றோ?

குடலின் சுவரிற் பத்துக்கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. அவை மூளையோடு இடையறாது செய்தி மாற்றிக்கொள்கின்றன. அமெரிக்க மருத்துவராகிய வில்லியம் போமான்ட் என்பார், துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் துளை நிலைத்துவிட்ட ஒருவரைப் பல்லாண்டு நோக்கி, சினம் இரைப்பையின் தொழிலை மாற்றுதலைக் கண்டு 1833இல் நூலாக வெளியிட்டார். வால்டர் கேனன் என்பார், பூனை அஞ்சிக் கலங்கியபோது அதன் இரைப்பை அசைவு நின்றுவிடுதலை எக்ஸ் கதிரின் துணையாற் கண்டு 1898இல் எழுதினார். கடுமையான பேதி நோய் ஒன்று வந்து நீங்கிய பின்னரும் சிலர்க்குக் குடல் நரம்புகள் கூருணர்ச்சியோடு நின்றுவிடுகின்றன. எனவே, இந்நோய் பொய்யுமன்று; மனத்தின் கோழைமையுமன்று.

இனி, இதனோடு வாழுமாறு எங்ஙனம்? திருக்குறளில் 'மருந்து' என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வான் என்னும் நால்வகையும் கூடியதே மருத்துவம் என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த கருத்து. அவ்வரிசையிலேயே நாமும் நோக்குவோம்.

முதலாவது நோயாளி. நம் பகுதி இளைஞர் பலர் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையில் 'ஷிப்டு' முறையிற் பணிசெய்கின்றனர். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என்று மாறுங்கால் உறக்கமும் உணவும் நிலைகெடுகின்றன. இங்ஙனம் மாறிமாறிப் பணிசெய்யும் செவிலியரிடை இந்நோய் மிகுந்திருத்தலை 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. சென்னையினின்று கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் ஓடும் புறநகர் மின்சார ரயில்களிற் கழிப்பறை இல்லை. இந்நோயுற்றார்க்கு அப்பயணமே ஒரு சோதனையாகும். வழியில் வயிறு கலக்குமோ என்னும் அச்சம் எழும். அவ்வச்சமே வயிற்றைக் கலக்கும்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் இந்நிலையில் இருந்தார். கம்பெனிப் பேருந்து ஏறுமுன் பச்சைத்தண்ணீரும் பருகார். திருமண வீடுகளுக்குச் செல்லார். வீட்டார் அவரைச் சோம்பேறி என்றனர். வேலையை விட்டுவிட அவர் துணிந்திருந்த வேளையில், அவருடைய அன்னையார் உடன்சென்று மருத்துவரைக் கண்டார். "இது மெய்யான நோய், உயிர்க்கு ஊறு செய்யாது" என்று மருத்துவர் அன்னையார் எதிரே கூறிய சொல்லே அவர்க்கு முதல் மருந்தாயிற்று. நோய் முற்றும் நீங்கிற்றில்லை. ஆயினும் அவர் பணியை விட்டிலர். இன்று எந்நாளில் வயிறு கெட்டது, முன்நாள் என்ன உண்டார், எத்துணை நேரம் உறங்கினார் என்று சிறு குறிப்பேட்டில் எழுதிவருகின்றார். இந்நோயாளர் அனைவரும் மேற்கொள்ளத்தக்க பழக்கம் அதுவே.

இரண்டாவது மருத்துவர். எல்லா வயிற்றுநோயும் இதுவேயென்று இருந்துவிடலாகாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல், சோகை, காய்ச்சல், உறக்கத்தினின்று எழுப்பும் பேதி ஆகியவை தோன்றினும், ஐம்பது அகவைக்கு மேல் இக்குறிகள் புதிதாகத் தொடங்கினும், குடும்பத்திற் பெருங்குடற் புற்றுநோய் இருந்திருப்பினும், காலந்தாழ்த்தாது பரிசோதித்தல் கடன். நம் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. தொலைவு என்று சொல்லித் தப்ப இடமில்லை. 'வாய்வு' என்று தாமே பெயரிட்டுக் கண்ட சூரணங்களை வாங்கியுண்டு ஆண்டுகளைக் கழித்தல் அறிவுடைமையன்று. தக்கவாறு ஆய்ந்து இந்நோயே என்று தெளிந்தபின், இது புற்றுநோயாக மாறாது என்று மனந்தேறலாம்.

மூன்றாவது மருந்து. உணவே இதில் தலையாயது. முன் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணுதல் வேண்டும் என்று அவ்வதிகாரமே கூறுகின்றது. குறித்த வேளையில் உண்ணுதலும், மென்று உண்ணுதலும், காபி தேநீரையும் மிகு காரத்தையும் குறைத்தலும் நலந்தரும். ஆஸ்திரேலிய நாட்டு மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005 முதல் ஓர் உணவுமுறையை வகுத்துள்ளனர். சிறுகுடலில் எளிதில் உறிஞ்சப்படாது பெருங்குடலிற் புளித்து வாயுவை எழுப்பும் மாப்பொருள்களை நீக்கிப் பார்ப்பதே அதன் கருத்து. வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை, பால், மாம்பழம் ஆகியன அவ்வகையின. நம் அரிசிச் சோறோ இடர் தாராதது. இரண்டு முதல் ஆறு வாரம் நீக்கியபின், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, தமக்கு ஒவ்வாதது எதுவென்று கண்டு அதனை மட்டும் விலக்குதல் வேண்டும். யாவற்றையும் வாழ்நாள் முழுதும் விலக்கி மெலிதல் கூடாது. இசப்கோல் உமி பலர்க்கு உதவுகின்றது. வலி தணிக்கும் மருந்துகளும் உள. மனத்தளர்ச்சிக்கு வழங்கும் அமிட்ரிப்டிலின் என்னும் மருந்து, சிறிய அளவிற் கொடுக்குங்கால் இந்நோயைத் தணித்தலை 463 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு காட்டிற்று. மருத்துவர் அதனை எழுதித் தருவாராயின், 'பைத்தியத்திற்கு மருந்து' என்று வீட்டார் வெருளுதல் வேண்டா. அது குடல் நரம்புக்கே தரப்படுவது. இவை யாவும் மருத்துவர் சொற்படியே கொள்ளத்தக்கன.

நான்காவது, அருகிருப்போர். அவர் நாமே. மருந்தும் மருத்துவரும் எத்துணைச் சிறப்பினும், வீட்டிற்குத் திரும்பியவுடன் "மறுபடியும் வயிறா?" என்னும் ஏளனச் சொல் எதிர்கொள்ளுமாயின், அன்று உண்ட மருந்து வீணாகும். பயணம் புறப்படும்போது ஒருவர் இருமுறை கழிப்பறைக்குச் சென்றால் நகையாதிருங்கள். விருந்திலே "இன்னும் ஒரு கவளம்" என்று வற்புறுத்தாதிருங்கள். மாதரார் இந்நோயை ஆடவரினும் மிகுதியாக உறுகின்றனர்; ஆனாற் சொல்லுவதோ மிகக் குறைவு. மருமகளாய் வந்த பெண் தன் வயிற்றுநோவை மாமியாரிடம் அஞ்சாது சொல்லத்தக்க இல்லமே நல்லில்லம். தொழிலாளர் பணியிலிருக்கும் வேளையெல்லாம் எளிதிற் சென்றடையத்தக்க கழிப்பிடம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. நம்மவருள் மேற்பார்வையாளராயும் முதலாளிகளாயும் இருப்போர், சட்டத்திற்காக மட்டுமன்றி இரக்கத்தினாலும் அதனைப் போற்றுவாராக. இடைவேளை கேட்டு நிற்கும் தொழிலாளியைப் பலர் முன் கடிதல் நோய்க்கு நெய் வார்த்தலேயாகும்.

அன்பர்களே! இந்நோயை அடியோடு களையும் மருந்து இன்னும் கிடைத்திலது. ஆயினும், நோயுற்றார் அஞ்சாது சொல்லவும், கேட்பார் நகையாது நம்பவும் ஒரு காசும் செலவில்லை. இன்றிரவு உங்கள் இல்லத்தில் உண்ணாது எழுபவர் எவரேனும் இருப்பின், ஏன் என்று கடுகடுத்துக் கேளாது, அருகமர்ந்து அன்போடு கேளுங்கள். பின்னர் அவருடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.