இயந்திரத்தின் அருகே ஒரு வானொலிப் பெட்டி



மத்திய அலையில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது ட்யூப்லைட்டைப் போட்டால் ரேடியோ 'கர்ர்' என்று இரையும். மிக்ஸி ஓடினால் பாட்டே காணாமல் போய்விடும். உடனே எழுந்து பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பி, இரைச்சல் அடங்கும் இடம் பார்த்து வைப்போம். 1960-களில் ஐஸ்லாந்தில் ஒரு பொறியாளர் இதற்கு நேர்மாறான காரியத்தைச் செய்தார். இரைச்சல் எங்கே நன்றாக வருகிறது என்று தேடி, அந்த இடத்தில் ரேடியோவை வைத்தார்.

அவர் இருந்த அறைக்குள் ஐபிஎம் 1401 என்ற கணினி நின்றிருந்தது. 1964-ல் ஐஸ்லாந்துக்கு வந்து இறங்கியது அது. அந்த நாடு கண்ட முதல் கணினிகளில் ஒன்று. அதைப் பழுதுபார்த்துப் பராமரிப்பது அவர் வேலை. அந்தக் காலத்துக் கணினியின் நினைவகம் என்பது கம்பிகளில் கோத்த மிகச்சிறிய காந்த வளையங்கள். மின்சாரம் பாய்ந்து வளையங்கள் காந்தத் திசை மாறும்போதெல்லாம் மின்காந்த அலை கசியும். பக்கத்தில் ரேடியோ இருந்தால் அது அந்த அலையைப் பிடித்து ஒலியாக்கிவிடும். ஒரே கட்டளையைக் குறிப்பிட்ட வேகத்தில் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் குறிப்பிட்ட சுருதி கிடைக்கும். வேகத்தை மாற்றினால் சுருதியும் மாறும். அவரும் சகாக்களும் இதைக் கண்டுகொண்டார்கள். கணக்குப் போட வந்த இயந்திரத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1971-ல் அந்தக் கணினி ஓய்வு பெற்றது. வெறுமனே கழற்றி அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. பிரிவுபசார விழா நடத்தினார்கள். அது கடைசியாக ஒருமுறை பாடியது. அந்தப் பாட்டை டேப்பில் பதிந்தும் வைத்தார்கள்.

அப்போது அந்தப் பொறியாளரின் மகன் மழலை பேசும் வயதில் இருந்தான். அந்த மகன்தான் பின்னாளில் இசையமைப்பாளரான யோஹான் யோஹான்சன். தந்தையின் பெயரும் யோஹான். ஐஸ்லாந்துக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நம்முடைய இனிஷியல் போல அப்பாவின் பெயரையே சேர்த்துக்கொள்கிறார்கள்.

1969-ல் ரெய்க்யாவிக்கில் பிறந்த இந்த யோஹான், பதினொரு வயதில் பியானோவும் ட்ரோம்போனும் கற்கத் தொடங்கினார். பள்ளி நாட்களிலேயே முறையான பயிற்சியை விட்டுவிட்டார். பல்கலைக்கழகத்தில் படித்தது மொழிகளும் இலக்கியமும். மின்கிட்டார் அதிரும் ராக் குழுக்களில் வாசித்தார். இசையமைக்கும் வித்தையை யாரிடமும் அமர்ந்து கற்கவில்லை. நல்ல ஒலி இது, கெட்ட ஒலி இது என்று அவர் காதுக்கு யாரும் வேலி போடாமல் விட்டதைப் பெரும் பேறு என்றே நினைக்கிறேன். 2002-ல் வந்த முதல் தனித்தொகுப்பு 'எங்லாபோர்ன்'. கொடூரம் நிறைந்த ஒரு நாடகத்துக்காக எழுதிய மிக மென்மையான இசை அது. அதில் பழைய லத்தீன் கவிஞர் கட்டுல்லஸின் கவிதையைப் பாடுவது கணினிக் குரல். அந்தக் குரலுக்கு எப்படித் துயரம் வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

பிறகு அப்பாவின் டேப்புக்கு வந்தார். முப்பதாண்டுப் பழைய அந்த ஒலியை எடுத்து, முதலில் நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதினார். அதை விரித்து, ப்ராக் நகரில் அறுபது பேர் கொண்ட இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்தார். 'ஐபிஎம் 1401: பயனர் கையேடு' என்ற அந்தத் தொகுப்பு 2006-ல் வெளிவந்தது. அச்சு இயந்திரத்தைப் பராமரிக்கும் முறையை ஒரு குரல் உணர்ச்சியே இல்லாமல் படித்துக்கொண்டு போகும். அடியில் வயலின்கள் மெல்ல எழும். எந்தத் திருகுக்கு எண்ணெய் விடவேண்டும் என்பது போன்ற சங்கதிகள்தான். கேட்பவருக்குத் தொண்டை அடைக்கும்.

தம்பூராவின் சுருதி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவருடைய இசை அந்நியமாகப் படாது என்பது என் அனுபவம். ஒரு நீண்ட கார்வை அசையாமல் நிற்கும். அதன் மேல் நாலைந்து ஸ்வரங்கள் வரும், போகும், திரும்ப வரும். ஆம்பியன்ட் என்று அந்த வகையைச் சொல்கிறார்கள். அவசரப்படுகிறவர்களுக்கு அதில் ஒன்றும் நடக்காது.

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதி நிலக்கரித் தொழிலாளர்களைப் பற்றி பில் மாரிசன் எடுத்த 'சுரங்கத் தொழிலாளர் துதிப்பாடல்கள்' படத்துக்கு அவர் பித்தளைக் கருவிகளைத் தேர்ந்துகொண்டார். சுரங்கங்களுக்கென்று சொந்த ஊதுகுழல் வாத்தியக் குழுக்கள் இருந்த ஊர் அது. சுரங்கங்கள் மூடிய பிறகும் அந்த வாத்தியச் சத்தம் ஊரைவிட்டுப் போகவில்லை. 2010-ல் டர்ஹாம் பேராலயத்துக்குள்ளேயே அந்த இசை அரங்கேறியது. சிறுவயதில் ட்ரோம்போன் பிடித்த கை எழுதிய இசை என்பது கேட்டாலே தெரியும்.

ஹாலிவுட் அவரை அழைத்தது. 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' படத்துக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. அந்தப் படமும் அதற்கு அடுத்து வந்த 'சிகாரியோ'வும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. வேற்றுலகவாசிகள் வரும் 'அரைவல்' படத்தின் இசையில் மனிதக் குரல்களை நெய்தார். இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது அவர் இசை இல்லாத ஒரு படம். டேரன் அரனாஃப்ஸ்கியின் 'மதர்!' படத்துக்கு நெடுநாள் உழைத்து இசை எழுதினார். கடைசியில், இந்தப் படத்துக்கு இசையே வேண்டாம், என்னுடையதை எடுத்துவிடலாம் என்று இயக்குநரிடம் அவரே சொன்னார். தான் பெற்றதைத் தானே நீக்கச் சொல்ல எவ்வளவு கூர்மையான காது வேண்டும்!

வானொலி அவரை விடவே இல்லை. 2016-ல் வந்த 'ஓர்ஃபே' தொகுப்பில், சிற்றலையில் மர்மமாக எண்களை மட்டும் படித்துக்கொண்டிருக்கும் நிலையங்களின் குரல்களைச் சேர்த்தார். பனிப்போர்க் காலத்தில் உளவாளிகளுக்குச் சேதி சொன்னவை அவை. யாரோ எவருக்கோ படித்த எண்கள், இசைக்குள் வந்ததும் பிரிவுக் கடிதம் போல ஒலிக்கின்றன.

2018 பிப்ரவரி 9 அன்று பெர்லினில் இறந்தார். வயது 48. அவரே இயக்கிய 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' படம் 2020-ல்தான் பெர்லின் திரைப்பட விழாவுக்கு வந்தது.

நேயர்களே, இப்போது 'பயனர் கையேடு' தொகுப்பின் முதல் பகுதியைக் கேட்கப் போகிறோம். தொடக்கத்தில் சின்ன ஆர்மோனியம் போல ஓர் ஒலி வரும். உங்கள் பெட்டியில் கோளாறு என்று திருப்பிவிடாதீர்கள். அது 1971-ல் நிறுத்தப்பட்ட அந்தக் கணினி. சற்றுப் பொறுத்து வயலின்கள் அதோடு சேர்ந்துகொள்ளும்.