ஏழு பேர்ச் காணி

பத்தடிக்குப் பன்னிரண்டடி. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்த அளவை விளக்க வேண்டியதில்லை. லயத்துக் காம்பராவின் அளவு அது, 120 சதுர அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. மகனுக்குக் கல்யாணம் என்றால் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை, பேரப்பிள்ளைகள் வந்தால் சேலையைத் திரையாகக் கட்டி இன்னோர் அறை. வெள்ளைக்காரர் கட்டிய லயங்களில் இன்றைக்கும் குடும்பங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

1992-இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. அதே ஆண்டில்தான், அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் ஒரு வீடமைப்பு நிறுவனமும் தொடங்கப்பட்டது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பின்னர் பெயர் மாறியது. தோட்டத்து ஆட்களுக்கு அது 'ட்ரஸ்ட்'. தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் மூலம் கடன் கிடைக்கும், மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள், கட்டுமான வேலையில் குடும்பமும் கைகொடுக்க வேண்டும். தனி வீடுகள் வந்தன. மலசலகூடம், குழாய்த் தண்ணீர், பிள்ளைக்காம்பராக்களில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் என்று நல்லவை பல நடந்தன. அதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் காணி? அது அரசுடையது, கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. கடனைக் கட்டி முடித்த பலருக்கும் உறுதிப் பத்திரம் கைக்கு வரவில்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கியில் ஈடு வைக்க முடியாது. பின்பக்கம் ஒரு குசினி இறக்குவதென்றாலும் தோட்டத் துரையிடம் கேட்க வேண்டும்.

சொந்தக் காணி இல்லாததன் விலை என்ன என்பதை ஊவாவில் உள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் காட்டியது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எழுந்து போங்கள் என்றால் எங்கே போவது? கையில் ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்களுக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகுதான் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, அதற்கு உறுதியும் வேண்டும் என்ற பேச்சு திட்டமாக மாறியது. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018-இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையைச் சட்டம் உருவாக்கியது. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூட பிரதேச சபைக்குத் தடை இருந்தது. வரி கட்டுகிற, வாக்குப் போடுகிற மக்களுக்கு இப்படி ஒரு நிலை!

வீடு கட்டும் வேகம் தேவைக்குப் போதாது. ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதைவிட, உறுதி இல்லாமல் திறப்பை மட்டும் கொடுக்கும் விழாக்கள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன. வீட்டுத் திட்டம் நடக்கும் தோட்டங்களில் இருக்கும் நேயர்கள், தொழிற்சங்கத் தலைவரிடமும் அதிகாரியிடமும் வீடு எப்போது என்று கேட்கும்போதே உறுதி எப்போது என்றும் கேளுங்கள். விடிந்ததிலிருந்து கொழுந்து பறித்து வீட்டுக் கடனை அடைப்பவர் மனைவி என்றால், உறுதியில் அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.