அக்கா ஏறிய பஸ்



"வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் கை தூக்குங்கள்" என்று முதல்வர் சொன்னதும் நானும் தூக்கினேன். ஊர் வெம்பக்கோட்டை. 1984இல் பி.காம். சேர வந்தபோது விண்ணப்பம் நிரப்ப வீட்டில் ஆள் இல்லை. ஆபீஸ் ரூம் கிளார்க் ஐயாதான் எழுதிக் கொடுத்தார். இதைப் பெருமையாகப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. என் அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பாள். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். விடியுமுன் ஊருக்குள் வரும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போனால் இருட்டித்தான் வீடு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தபோது அவளுக்கு வயது 23. என் முதல் வருட ஃபீஸ் அவள் சீட்டுப் பணம்.

2010-11 கல்வியாண்டில், அரசு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. நான் பட்டதாரி என்பதால் என் பிள்ளைகளுக்குக் கிடையாது, நியாயம்தான். அடுத்த வருடம் அக்கா மகளுக்கு இஞ்சினியரிங் கவுன்சலிங். சான்றிதழ் மனுவை நான்தான் நிரப்பினேன். தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"என்னப்பா யோசிக்கிற? அஞ்சாப்புன்னு எழுது" என்றாள் அக்கா.

எழுதினேன். கையெழுத்தை அவளே போட்டாள். முழுப் பெயரும், கோடு கோணாமல்.