முலுண்டில் நொச்சி



மும்பை மாநகரின் வடகிழக்குக் கோடியில், தாணேயை ஒட்டி அமைந்திருக்கும் முலுண்டு மலையடிவாரத்து ஊராகும். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு, சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரந்து, இதன் மேற்கு எல்லை வரை இறங்கி வருகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் போலவே இங்கும் நம்மவர் பலர் வாழ்கின்றனர். மழைக்கால மாலைகளில் வெளியே அமர்ந்தால் கொசுக்கடி தப்பாது. ஊரிலிருந்து வந்திருக்கும் முதியோர் அப்பொழுது கேட்கும் முதற் கேள்வி, “இந்தப் பக்கம் நொச்சி கிடைக்காதா?” என்பதே.

கிடைக்கும். பெயர்தான் வேறு. மராத்தியர் இதனை நிர்குடி என்பர். மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்த இலை, இலையின் அடிப்புறத்தில் சாம்பல் பூத்த வெண்மை, நீலம் பாய்ந்த சிறு பூங்கொத்து, கசக்கினால் மூக்கைத் தாக்கும் காரமணம் ஆகியவை அடையாளங்கள். பக்கத்து வீட்டு மராத்தியப் பாட்டியிடம் நிர்குடி என்று சொன்னால் போதும். மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுப்பது முதல் அதன் பயன்கள் அனைத்தையும் அவரே கூறிவிடுவார்.

பழந்தமிழர் இச்செடிக்கு அளித்த இடம் பெரிது. பகைவர் முற்றுகையிட்ட காலத்தில் மதிலைக் காத்து நின்ற வீரர் சூடியது நொச்சிப் பூ. அந்தக் காவற்போருக்கே நொச்சித்திணை என்று பெயர் வைத்தனர். உழவரிடத்திலும் இது காவற்செடியே. ஆடுமாடுகள் மேயாதாகையால் வேலியாயிற்று. நெற்குதிரில் அடுக்கடுக்காக இட்ட உலர்ந்த இலை வண்டுகளைத் தடுத்தது. அந்தி வேளையில் தொழுவத்தருகே எருமூட்டத்தின் மேல் பச்சை நொச்சியையும் வேப்பிலையையும் போட்டு எழுப்பும் புகையில் மாடுகள் ஈத்தொல்லை, கொசுத்தொல்லை குறைந்து நின்றன. வேறு சில செடிகளும் அந்த மூட்டத்திற்கு உதவின. அவற்றுள் ஒன்றின் பெயர் பேய்மிரட்டி. பேய் மிரண்டதோ இல்லையோ, கொசு மிரண்டது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் இங்கே ஒரு சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கொல்லி வேறு, விரட்டி வேறு. நொச்சி கொசுவைக் கொல்வதன்று. நாம் விடும் மூச்சுக்காற்றையும் மேனியின் வாடையையும் தேடியே கொசு வருகிறது. இலையிலுள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெய் காற்றில் கலந்து அந்தத் தேட்டத்தைக் குழப்புகிறது, அவ்வளவே. இலையைக் கசக்கினாலோ சுட்டாலோதான் அந்த எண்ணெய் போதிய அளவில் வெளிப்படும். எனவே தொட்டியில் சும்மா நிற்கும் செடி நம்மைக் காக்கும் என்று எண்ணலாகாது. சென்னை மாநகராட்சி 2010களில் வீடுகளுக்கு நொச்சிக் கன்றுகள் வழங்கியது. கன்று நல்லதே; அதை வாசலில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவதுதான் தவறு. கொசு விரட்டும் செடி என்று சொல்லி விற்கப்படும் தொட்டிச் செடிகளுக்கும் இது பொருந்தும்.

அதற்காக முன்னோர் வழக்கத்தை எள்ளவும் வேண்டா. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து உழவர்கள் ஒரு காட்டுப் புதரின் இலையைக் கசக்கித் தமக்கும் குதிரைகளுக்கும் தேய்த்து வந்தனர். அந்நாட்டு வேளாண்மைத் துறை ஆய்வாளர் அவ்விலையிலிருந்து பூச்சி விரட்டும் பொருள்களைப் பிரித்தெடுத்து 2006 அளவில் வெளியிட்டனர். அந்தப் புதரும் நம் நொச்சி, துளசி, தும்பை, பேய்மிரட்டி ஆகியவையும் ஒரே குடும்பத்தவை என்று இன்றைய தாவர நூலார் வகுக்கின்றனர். நம் நாட்டிலும் 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 2 பங்கு வேப்பெண்ணெய் கலந்து பூசியபோது மலேரியாக் கொசு இனங்கள் நன்கு விலகியமை கண்டறியப்பட்டது.

ஆயினும் மும்பையின் நிலைமையை மறக்கலாகாது. இங்கு மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் கொசு புதரில் பிறப்பதன்று. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் தேங்கிய தெளிந்த நீரில் பிறப்பது. டெங்குவைத் தரும் ஏடிஸ் பகலில் கடிப்பது. குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிடுவது. மாலையில் இடும் மூட்டம் பகற்கொசுவை என்ன செய்யும்? தொட்டிக்கு இறுக்கமான மூடியும், வாரம் ஒரு முறை தட்டுகளைக் கவிழ்த்துத் துடைப்பதும், குழந்தைக்குக் கொசுவலையும் முதலில் வேண்டும். காய்ச்சல் கண்டால் கஷாயம் வைத்துக் காத்திராமல் இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்று. தொழுவம் திறந்த வெளி. ஒற்றை அறை வீடு அப்படியன்று. கதவடைத்த அறையில் இலைப்புகை போடுவது கைக்குழந்தையின் நெஞ்சுக்குக் கேடு. முற்றத்திலோ திறந்த மாடியிலோ, காற்று வரும் பக்கம் சிறு சட்டியில் மூட்டமிட்டால் போதும். ஓரளவு கொசு விலகும். வெளியே நடக்கையில் கசக்கிய இலையைக் கைகால்களில் தேய்த்துக்கொள்ளலாம். அதன் பயன் சிறிது நேரமே. தோல் அரித்தால் உடனே கழுவிவிட வேண்டும். உண்ணிச்செடியை நொச்சி என்று மயங்கி மாட்டுக்கு அருகே போடுவோரும் உண்டு. அது கால்நடைக்கு நஞ்சு. நாற்றமுடையது என்னும் பொருளில் மராத்தியர் அதனைக் காணேரி என்கின்றனர்.

தேசியப் பூங்காவுக்குள் சென்று இலை பறிப்பது சட்டப்படி குற்றமாகும். அதற்குத் தேவையும் இல்லை. ஜூன் மாதம் முதல் மழை இறங்கியதும், நிர்குடி வளர்க்கும் அண்டை வீட்டாரிடம் விரற்கடைப் பருமனுள்ள போத்து ஒன்றைக் கேட்டு வாங்கி, குடியிருப்பின் மதிலோரத்தில் சாய்வாக ஊன்றினால் எளிதில் வேர்பிடிக்கும். அடிக்கடி கிளை கழித்தால் புதராய் அடர்ந்து, மூட்டத்திற்கு வேண்டிய இலை ஆண்டு முழுவதும் கிடைக்கும்.