ஊராட்சிக்கு ஒரு சிறு காமிரா

(ஊராட்சி மன்றத் தலைவர்கள், செயலர்கள், மகளிர் குழுப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கு நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கைப்பேசி இல்லாத கையே இல்லை என்று சொல்லத்தக்க இக்காலத்தில், தனியே ஒரு காமிராவைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, அதைச் சேர்ந்த நிறுவனங்கள் 2010-ஆம் ஆண்டில் உலகெங்கும் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-இல் அத்தொகை 80 லட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. சட்டைப் பையில் அடங்கும் சிறு காமிராக்களே இவ்வீழ்ச்சியில் பெரிதும் அடிபட்டன.

அப்படியிருந்தும், ஊராட்சிக்கென்று ஒரு சிறு காமிரா வேண்டும் என்பது நம் கருத்து. கைப்பேசி ஒருவருடைய சொந்த உடைமை. செயலர் மாறுதலாகிச் செல்லும்போது அவருடைய கைப்பேசியும் உடன் செல்கிறது. அதிலுள்ள மூன்றாண்டுப் படங்களும் செல்கின்றன. புதிதாக வந்தவர், சென்ற கோடையில் வாய்க்கால் எப்படி இருந்தது என்று ஊராரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. காமிராவோ ஊராட்சியின் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள். நாற்காலியும் பீரோவும் எப்படியோ அப்படி. ஊரக வேலைத் திட்டப் பணிகளை இருப்பிடக் குறியீட்டுடன் படம் எடுக்கும் முறை 2016-இல் தொடங்கியது. அத்தகைய வேலைக்குக் கைப்பேசியே வேண்டும். சாதாரணச் சிறு காமிரா உதவாது. நாம் கூறுவது ஊராட்சி தனக்கென வைத்துக்கொள்ளும் பதிவைப் பற்றியே.

2019-ஆம் ஆண்டு ஐப்பசித் தொடக்கத்தில் நமது வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுவோம். ஒரு சிற்றூரில் ஊரணி தூர்வாரும் பணி நடைபெற்றது. பணி மேற்பார்வையாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிவிட்டார். பொறியாளர் வந்து சரிபார்ப்பதற்குள் இரண்டு இரவுகள் பெருமழை பெய்து ஊரணி நிரம்பிவிட்டது. வெட்டிய மண் எவ்வளவு என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல யாரால் இயலும்? எழுதிய அளவு மிகையோ என்று ஐயம் எழுந்தது. தீபாவளிக்குச் சில நாட்களே இருக்கையில், எண்பது பேருடைய ஒரு வாரக் கூலி நின்றது.

அவ்வூர் மகளிர் குழுவினர், தாங்கள் பின்னும் கூடைகளைப் படம் எடுத்து வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காகப் பழைய காமிரா ஒன்றை வாங்கி வைத்திருந்தனர். பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண்மணி அதைக் கொண்டு நாள்தோறும் மாலையில், படித்துறையின் மேற்படியில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி ஒரு படம் எடுத்து வந்தார். குழியின் நடுவே அளவுக்காக வெட்டாமல் விட்ட மண்திட்டும், அதன் அருகே நிறுத்திய அளவுகோலும் ஒவ்வொரு படத்திலும் இருந்தன. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, நாளுக்கு நாள் ஆழம் இறங்கிச் சென்றது கண்ணுக்குத் தெரிந்தது. படம் மண்ணின் கன அளவைக் கூறாது. அதை அளவுப் புத்தகந்தான் கூற வேண்டும். ஆயினும் புத்தகத்தில் எழுதியதை நம்புவதற்கு அப்படங்கள் துணை நின்றன. கூலி தீபாவளிக்கு முன் வரவில்லை; அடுத்த வாரம் வந்தது.

ஆகவே, ஒவ்வொரு பணியிலும் படம் எடுக்கும் இடத்தைக் கல்லிலோ சுவரிலோ வண்ணத்தால் குறித்துவிடுங்கள். பணிக்கு முன்னும், நடுவிலும், பின்னும் அங்கேயே நின்று எடுங்கள். கோயில் கோபுரம், மின் கம்பம் போன்ற அசையாப் பொருள் ஒன்று ஓரத்தில் விழட்டும்.

அப்பெண்மணியின் காமிராவில் தேதி சரியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டரி இல்லாமல் நெடுநாள் கிடந்த காமிராவில் கடிகாரம் நின்று பழைய ஆண்டுக்குப் போய்விடுவதுண்டு. அப்புறம் எடுக்கும் படமெல்லாம் பொய்த் தேதியைத் தாங்கி வரும். அது படம் இல்லாததைவிடக் கெடுதல். ஆகையால் காமிராவைக் கையில் எடுத்தவுடன் முதலில் தேதியைப் பாருங்கள்.

வாங்குவதைப் பற்றிச் சில வார்த்தைகள். புதிது கிடைப்பது அரிதாகிவிட்டபடியால் பழையதையே வாங்க நேரலாம். லென்சு தடங்கலின்றி வெளிவந்து உள்ளே செல்கிறதா என்று பாருங்கள். மணல் புகுந்திருந்தால் கரகரவென்று ஓசை வரும். வெள்ளைச் சுவர் ஒன்றைப் படம் எடுத்தால் உள்ளே படிந்த தூசி கரும்புள்ளியாகக் காட்டிக் கொடுக்கும். சுவர்க் கடிகாரத்திற்குப் போடுகிறோமே, அந்த அளவுப் பாட்டரி இரண்டு போட்டால் வேலை செய்யும் காமிராவே கிராமத்திற்கு உகந்தது. தனி வகைப் பாட்டரி கெட்டுப்போனால் நகரமெல்லாம் தேட வேண்டும். அதிலும் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யத்தக்க பாட்டரியே சிக்கனம். மிகப் பழைய காமிராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்பதில்லை. கார்டைப் போட்டுப் பார்த்தே பணம் கொடுங்கள்.

மெகாபிக்சல் அதிகம் என்று கடைக்காரர் கூறுவதைக் கேட்டு மயங்க வேண்டா. 6-க்கு 4 அங்குலப் படத்தை நன்றாக அச்சிட 1,800-க்கு 1,200 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 22 லட்சம் புள்ளிகள் போதும். டிஜிட்டல் ஜூம் என்பதும் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. அதைவிட நான்கு அடி முன்னே நடப்பது மேல்.

உச்சி வெயிலில் தலைப்பாகைக்கும் முக்காட்டுக்கும் கீழே முகம் கறுத்துப்போகும். அப்போது பகலேயானாலும் பிளாஷைப் போட்டு எடுக்கலாம். பொத்தானைப் பாதி அழுத்தி, குவியம் நிலைத்த பிறகு முழுதும் அழுத்துங்கள். படங்களை மாதந்தோறும் கணிப்பொறியிலும் வேறோர் இடத்திலுமாக இரு படிகள் வைத்த பின்னரே கார்டைத் துடைக்க வேண்டும்.

மனிதரைப் படம் எடுக்கையில் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். உதவித்தொகை பெற வந்த மூதாட்டியை வரிசையில் நிறுத்தி, காகிதத்தைக் கையில் கொடுத்து, மும்முறை நிமிரச் சொல்லுவது நமக்கு உடன்பாடன்று. ஒன்று மட்டும் நகைப்புடன் சொல்லுகிறோம்: ஊராட்சிப் படங்களை நாம் பார்வையிடும்போது, பொன்னாடை போர்த்தும் படங்கள் குறைவில்லாமல் இருக்கின்றன, மூடி உடைந்த குடிநீர்த் தொட்டியின் படந்தான் தேடினாலும் கிடைப்பதில்லை. தலைவர்கள் கோபிக்கலாகாது.

காமிரா யார் பொறுப்பில் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் கேட்டு வருவோருக்கு அத்தீர்மானத்தைக் காட்டலாம்.

உணவுக்குப் பின், பின்வரிசை மேசையில் வைத்திருக்கும் மூன்று காமிராக்களையும் எடுத்துக்கொண்டு இவ்வூர் ஊரணிக் கரைக்குச் செல்வோம். அளவுகோலைச் செயலர்கள் கொண்டு வாருங்கள்.