மலைக்கு என்ன போட்டுக்கிட்டுப் போறது?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ட்ரெஸ் பத்திப் பேசப் போறோம். கல்யாண ட்ரெஸ் இல்ல, ஆபீஸ் ட்ரெஸ் இல்ல. சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மலை ஏறி இறங்கி, திங்கக்கிழமை பத்து மணிக்கு லாகின் பண்றோமே, அந்த மாதிரி ஒரு சின்ன ஹைக்குக்கு என்ன போட்டுக்கலாம்னு பார்ப்போம். இமயமலை ஏறுறவங்க இந்த எபிசோடை ஸ்கிப் பண்ணிக்கலாம், உங்க சங்கதி வேற.

"மலைக்குப் போறதுக்கு எதுக்கு அழகு? அங்க யாரு பார்க்கப் போறா?"ன்னு கேட்கிறதுக்குன்னே எல்லா குரூப்லயும் ஒருத்தர் இருப்பார். உச்சிக்குப் போனதும் முதல் ஆளா கூலிங் கிளாஸை மாட்டிக்கிட்டு "மச்சி, ஒரு போட்டோ எடுடா"ன்னு நிக்கிறதும் அவர்தான். அதனால அவரை விட்டுடலாம். நல்லா இருக்கணும்னு ஆசைப்படுறது தப்பே இல்ல. என்னைக் கேட்டா, உடம்புக்குச் சரியா உட்கார்ற ட்ரெஸ்ஸுக்கும் மலை ஏறத் தோதான ட்ரெஸ்ஸுக்கும் பெரிய சண்டை ஒண்ணும் கிடையாது. ரெண்டுமே "இது என் உடம்புக்கு அளவா இருக்கா?"ங்கிற ஒரே கேள்வியிலதான் வந்து நிக்குது.

என் சித்தி பொண்ணு ஒருத்தி இருக்கா. சோழிங்கநல்லூர்ல வேலை. ஒவ்வொரு தடவை நாங்க கிளம்பும்போதும் "நெக்ஸ்ட் டைம் வர்றேங்க்கா"ம்பா. மூணாவது தடவை விடாம கேட்டேன். "ட்ராக் பேண்ட் போட்டா என் தொடைதான் முதல்ல தெரியும். குரூப் போட்டோவுல ஓரமாத் தேடி நிக்கணும். போட்டுக்க ஒண்ணும் இல்லக்கா"ன்னா. அதுக்கு முன்னாடி ஒரு கடைக்குப் போயிருக்கா. லேடீஸ் ட்ரெக்கிங் பேண்ட் அவ சைஸுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. "பெரிய சைஸ் வேணும்னா ஜென்ட்ஸ் பக்கம் பாருங்க மேடம்"னு சொல்லியிருக்காங்க. பார்க்காம வெளிய வந்துட்டா.

இதை ஏன் சொல்றேன்னா, "ட்ரெஸ் இல்ல"ன்னு சொல்லி வராம இருக்கிற பொண்ணுங்க நிறைய பேருக்குப் பீரோவுல இடமே இருக்காது. பிரச்சினை துணியில இல்ல. மலைன்னா லெக்கிங்ஸ், டைட் டாப், ஒல்லியான உடம்புன்னு ஒரு படத்தை நமக்குள்ள யாரோ மாட்டி வச்சிருக்காங்க. அந்தப் படத்துல நாம இல்லைன்னா மலையே நமக்கு இல்லைன்னு தோணிடுது.

அவ பீரோவைத் திறந்து நாங்க எடுத்தது ஒரு பழைய குர்த்தி. முட்டிக்குக் கொஞ்சம் மேல நிக்கும், ரெண்டு பக்கமும் நல்ல ஸ்லிட். நம்ம ஊர் மலைகளுக்கு இதைவிட நல்ல ஹைக்கிங் ட்ரெஸ் இருக்கான்னு எனக்கு இன்னும் தெரியல. ஸ்லிட் இருக்கறதால காலைத் தாராளமாத் தூக்கி வைக்கலாம். இடுப்பு, தொடையெல்லாம் பிடிக்காம விழும். மலை இறங்கி ஊருக்குள்ள டீக்கடையில நிக்கும்போதும், பஸ்ல ஏறும்போதும் யாரும் ரெண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டாங்க. முக்கியமா, வழியில டாய்லெட் இருக்காது. புதருக்குப் பின்னாடி உட்காரணும்னா அந்தக் குர்த்திதான் நமக்குக் கதவு. ஜம்ப்சூட்டும் பாடிசூட்டும் போட்டோவுல பிரமாதமா இருக்கும், ஆனா அந்த நேரத்துல மொத்தத்தையும் கழட்டணும். யோசிச்சுக்கோங்க.

ஒரே ஒரு திருத்தம், குர்த்தி முட்டிக்குக் கீழ போகக் கூடாது. இறங்கும்போது பின்பக்கத்தை மிதிச்சு விழறதுக்கு வாய்ப்பு இருக்கு. துப்பட்டா வேணும்னா குறுக்கே போட்டு இடுப்புல முடிச்சுப் போடுங்க, தொங்க விட்டா முள்ளு இழுக்கும். பருத்தித் துப்பட்டா ஒண்ணு பையில இருந்தா வெயிலுக்குத் தலையில, குளிருக்குக் கழுத்துல, தூசிக்கு மூக்குலன்னு அது பார்க்காத வேலை இல்ல.

சரி, துணிக்கு வருவோம். எங்க போறோம்கிறதைப் பொறுத்துதான் இது மாறும். நாங்க போனது ஏலகிரி. ஜோலார்பேட்டையில இறங்கி, பதினாலு கொண்டை ஊசி வளைவு தாண்டினா மேல ஊர். அங்க மங்கலம்ங்கிற ஊர்ல இருந்து சுவாமிமலை ஏறலாம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். பொதுவா 1,000 மீட்டர் ஏறினா வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். அப்படின்னா கீழ 36 டிகிரின்னா அங்க 29, 30 இருக்கும். வேர்க்கத்தான் வேர்க்கும். அதுவே ஊட்டின்னா 2,200 மீட்டருக்கு மேல, தொட்டபெட்டா 2,637 மீட்டர். கீழ இருக்கறதைவிட பதினஞ்சு டிகிரி வரைக்கும் குறைவு. ஒரே தமிழ்நாடு, ஆனா ரெண்டுக்கும் ஒரே ட்ரெஸ் சரி வராது.

பருத்தி வேர்வையை உறிஞ்சும், ஆனா விடாது. ரொம்ப நேரம் ஈரமாவே இருக்கும். ஏலகிரி, ஜவ்வாது மாதிரி இடத்துல வெயில் நாள்ல அந்த ஈரம் நல்லதுதான், காத்து பட்டா குளுகுளுன்னு இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அதே ஈரப் பருத்தியோட உச்சியில காத்துல பத்து நிமிஷம் நின்னு பாருங்க, பல்லு தந்தியடிக்கும். அங்க உடம்பை ஒட்டி இருக்கிற முதல் துணி சீக்கிரம் காயற பாலியெஸ்டரா இருக்கணும், அதுக்கு மேல ஒரு ஃபுல் ஹேண்ட், அதுக்கு மேல காத்துத் தடுக்கிற ஜாக்கெட். நடக்கும்போது கழட்டுங்க, நிக்கும்போது போடுங்க. கனமான ஒரு ஸ்வெட்டரை விட மெல்லிசா மூணு துணி உதவும். பாக்கறதுக்கும் ஸ்வெட்டர்ல உருண்டையாத் தெரியறதை விட, ஜிப்பைத் திறந்து விட்ட ஜாக்கெட் உடம்புக்கு ஒரு நேர்கோடு குடுக்கும்.

பாலியெஸ்டர்ல ரெண்டு குறை இருக்கு. நாத்தம் சீக்கிரம் பிடிக்கும். அப்புறம், கேம்ப் ஃபயர் பக்கத்துல உட்கார்ந்தா ஒரு பொறி பட்டாலும் துணி உருகும், தோல்ல ஒட்டிக்கும். ராத்திரி தீ பக்கத்துல உட்கார்ற திட்டம் இருந்தா மேல ஒரு பருத்திச் சட்டை போட்டுக்கோங்க.

ட்ரை ஃபிட் டி-ஷர்ட்டுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேண்டாம். திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் விக்கிற கடைகள்ல தேடினா கிடைக்கும். லேபிளைப் படிங்க, தையலை உள்பக்கம் தடவிப் பாருங்க. பை மாட்டுற தோள்ல தடியா தையல் இருந்தா ரெண்டு மணி நேரத்துல அந்த இடம் சிவந்துடும். தோள் தையல் நம்ம தோள் எலும்பு முடியற இடத்துல வந்து நிக்கணும். ஒரு டி-ஷர்ட் ஒருத்தருக்கு எடுப்பா இருக்கறதுக்கும் கடன் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கறதுக்கும் முக்கால்வாசிக் காரணம் இந்தத் தையல்தான்.

ஜீன்ஸ் வேண்டாம். ஆமா, எல்லாருக்கும் பிடிச்சது, எனக்கும்தான். முட்டி மடங்காது, நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும், அன்னைக்குக் காயாது. லெக்கிங்ஸ் போடறதுன்னா கொஞ்சம் தடிமனா எடுங்க. கண்ணாடி முன்னாடி முழுசா உட்கார்ந்து எழுந்து பாருங்க, துணி இழுபட்டு உள்ள தெரியுதான்னு. மெல்லிசா இருந்தா உண்ணிச்செடி முள்ளு ஒரே இழுப்புல நூலை எடுத்துடும். அட்டைக்கும் அது ஒரு தடையே இல்ல. மழைக்காலத்துல வால்பாறை மாதிரி இடத்துக்குப் போறவங்க அட்டை சாக்ஸ்னு தனியா விக்கறதை வாங்குங்க, முட்டி வரைக்கும் வரும், நெருக்கமா நெஞ்ச துணி. பாக்கறதுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி இருக்கும். பரவாயில்ல, அட்டை ஃபேஷன் பார்க்காது.

தொடை உரசற விஷயம் யாரும் பேச மாட்டாங்க, நான் பேசறேன். ஒல்லியோ குண்டோ, வேர்த்து நாலு மணி நேரம் நடந்தா நிறைய பேருக்கு உரசும். உள்ள முட்டிக்கு மேல நிக்கிற சைக்ளிங் ஷார்ட்ஸ் போட்டு, அதுக்கு மேல லூசான பேண்டோ சல்வாரோ போடுங்க. உரசற இடத்துல கிளம்பறதுக்கு முன்னாடியே வாசலின் தடவிடணும், எரிய ஆரம்பிச்ச பிறகு இல்ல. என் சித்தி பொண்ணு அப்படித்தான் வந்தா. மெரூன் குர்த்தி, உள்ள சைக்ளிங் ஷார்ட்ஸ், மேல எலாஸ்டிக் இடுப்பு வச்ச கறுப்பு பேண்ட். உச்சிக்குப் போனதும் அவ கேட்ட முதல் கேள்வி கீழ காபி எங்க நல்லா இருக்கும்ங்கறதுதான்.

உள்ளாடையில கஞ்சத்தனம் வேண்டாம். கம்பி வச்ச பிரா மலைக்கு ஆகாது. ஸ்போர்ட்ஸ் பிரா போட்டு வீட்டுல இருபது தடவை குதிச்சுப் பாருங்க. வலிச்சாலோ ரொம்ப ஆடினாலோ அது உங்க சைஸ் இல்ல. மூச்சை நல்லா இழுத்தா விலா எலும்புல அழுத்தக் கூடாது, ஏத்தத்துல நமக்கு மூச்சுதான் முதல். பிராவோட பட்டையும் பையோட பட்டையும் ஒரே இடத்துல உட்காருதான்னு பார்த்துக்கோங்க. இறங்கினதும் மாத்திக்க ஒண்ணு பையில இருக்கட்டும். ஈரமான பிராவோட அஞ்சு மணி நேரம் பஸ்ல வர்றது தண்டனை. பீரியட்ஸ் நாள்ல அடர் நிற பேண்ட், எடுத்துட்டு வர ஒரு ஜிப் கவர். பேடைக் காட்டுல போட்டுட்டு வராதீங்க, ப்ளீஸ்.

நிறத்துக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச பகுதி. ட்ரெக்கிங்னா காக்கி, பீஜ்னு கடை முழுக்க அடுக்கி வச்சிருப்பாங்க. நம்மில் பலரோட மாநிறத்துல அந்த வெளுத்த காக்கி முகத்தையே மங்கலாக்கிடும். செங்கல் நிறம், மெரூன், பாசிப் பச்சை, மயில் நீலம், கடுகு நிறம் இதெல்லாம் நம்ம தோலுக்கு உயிர் குடுக்கும். கண்ணைப் பறிக்கிற நியான் வேண்டாம். காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறவங்க பலரும் பளிச் நிறமும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம்னு சொல்லுவாங்க. வனத்துறை 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தாங்க, ஆன்லைன்ல பதிவு பண்ணினா உள்ளூர் ஆட்களே வழிகாட்டியா வருவாங்க. அவங்க வழி, அவங்க காடு. அவங்க சொல்றதைக் கேட்டுக்கறதுதான் மரியாதை.

வெள்ளை டி-ஷர்ட் வெயிலுக்கு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. சூடு குறைவா இருக்கும், உண்மை. ஆனா மெல்லிசான வெள்ளைப் பருத்தி நனைஞ்சா புற ஊதாக் கதிரை இன்னும் அதிகமா உள்ள விடும். வேற எதெல்லாம் தெரிய விடும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் புற ஊதா கூடுது, குளிரா இருக்கிறதால நமக்கு உறைக்காது. நெருக்கமா நெஞ்ச முழுக்கைச் சட்டை போட்டு, வேணும்கிறப்போ கையை மடிச்சு விடுங்க. முழங்கைக்குக் கீழ மடிச்ச கை யாருக்குமே அழகுதான்.

பசங்களா, நீங்க நழுவ வேண்டாம். கட் பனியன், ஜிம் ஷார்ட்ஸ் போட்டுட்டு வந்து முள்ளு கீறினதைக் காட்டி அனுதாபம் தேடாதீங்க. முழு நீள, சீக்கிரம் காயற ட்ராக் பேண்ட், கணுக்கால் பக்கம் குறுகினதா இருந்தா போதும். காலர் வச்ச டி-ஷர்ட்னா கழுத்து கறுக்காது. மலைக்காரங்க லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தலையில சுமையோட நம்மளைத் தாண்டிப் போவாங்க. அதைப் பார்த்துட்டு நாமளும் செருப்புல கிளம்பக் கூடாது. அவங்க கால் பழக்கம் வேற.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்க, அப்பதான் பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும். விரலுக்கு முன்னாடி அரை இஞ்சாவது இடம் வேணும், இல்லைன்னா இறக்கத்துல நகம் போயிடும். மத்தபடி ஷூவுக்குன்னே தனி எபிசோட் வச்சுக்கலாம்.

போட்டோ பத்தி ஒரு வார்த்தை. மலையில நண்பர் நமக்குக் கீழ நின்னுக்கிட்டுதான் எடுப்பார், ஏன்னா நாம மேல ஏறிட்டு இருப்போம். கீழ இருந்து எடுத்தா யாருக்கா இருந்தாலும் இடுப்புக்குக் கீழதான் பெரிசாத் தெரியும். அது உங்க உடம்பு இல்ல, கேமராவோட கோணம். அவரை உங்க உயரத்துக்கு ஏறி வரச் சொல்லுங்க. ஹை வெய்ஸ்ட் பேண்ட் போட்டிருந்தா குனிஞ்சு ஏறும்போது முதுகும் தெரியாது.

கடைசியா, புதுசா வாங்கின எதையும் நேரா மலைக்குப் போட்டுட்டுப் போகாதீங்க. முழு செட்டையும் போட்டு, பையில ரெண்டு லிட்டர் தண்ணி வச்சு, உங்க அபார்ட்மெண்ட் படிக்கட்டுல அரை மணி நேரம் ஏறி இறங்குங்க. வாட்ச்மேன் அண்ணா ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். எங்க இழுக்குது, எங்க உரசுது, எது நழுவுதுன்னு அங்கயே தெரிஞ்சுடும். அதைச் சரி பண்ண உங்க தெரு டெய்லரே போதும். ஸ்லிட்டை ரெண்டு இஞ்ச் ஏத்த, பேண்ட்ல ஒரு ஜிப் பாக்கெட் வைக்க அவங்க வாங்கறது பெரிய காசு இல்ல.

பெரிய சைஸ்ல நல்ல ட்ரெக்கிங் பேண்ட் எங்க கிடைக்குதுன்னு தெரிஞ்சவங்க எங்களுக்கு எழுதி அனுப்புங்க, கடை பேரோட. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.