டிராக்கர் கேட்காத கேள்வி: உங்க ஷிஃப்ட் என்ன?

பீரியட்ஸ் தள்ளிப் போகுதுன்னு சொன்னா, "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்"னு முடிச்சிடுறாங்க. எந்த ஷிஃப்ட்டுன்னு யாரும் கேட்கிறதில்லை.

அமெரிக்காவில் 71,077 நர்ஸ்களோட தகவலை வெச்சு 2011-ல ஒரு ஆய்வு வந்தது. இரவும் பகலும் மாறி மாறி வர்ற ஷிஃப்ட்ல எத்தனை மாசம் கூடுதலா வேலை பார்த்தாங்களோ, அந்த அளவுக்கு மாதவிடாய் ஒழுங்கு தப்புற வாய்ப்பும் கூடியிருந்தது. சிலருக்கு 21 நாளுக்குள்ளேயே வந்துடும், சிலருக்கு 40 நாள் ஆனாலும் வராது. ஷிஃப்ட்தான் காரணம்னு இது நிரூபிக்கலை. ஆனா ராத்திரி வெளிச்சம் மெலடோனினைக் குறைச்சு உடம்போட கடிகாரத்தையே குழப்பும்ங்கிறது தெரிஞ்ச விஷயம்.

அதனால டிராக்கர் ஆப்ல தேதியோட ஷிஃப்ட் மாறின நாளையும் நோட்ஸ்ல போட்டு வைங்க. நாலு மாச டேட்டா இருந்தா டாக்டர் பேச்சே வேற மாதிரி இருக்கும். தைராய்டு, பிசிஓஎஸ் டெஸ்ட்டை மட்டும் இதைச் சொல்லித் தள்ளிப் போடாதீங்க. ஷிஃப்ட் மாத்திக் கேட்டு ஹெச்ஆர்கிட்ட போறப்பவும் அந்த நோட்ஸ் கையில இருக்கட்டும்.